ஆற்றில் போகும் கேமரா: நீரும் மணலும் தீண்டாமல் காப்பது எப்படி?

2022-ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெலுக் பங்லிமா காராங்கில் லங்காட் ஆற்றங்கரைப் படகுத்துறை ஒன்றில் நானும் என் தாத்தாவும் நின்றிருந்தோம். தாத்தாவுக்கு அப்போது வயது 81. இளமையில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கேரித் தீவின் தோட்டத்தில் வேலை செய்தவர். இன்று பாலத்தின் வழியாகக் காரிலேயே தீவுக்குள் போய்விடலாம். பாலம் வருவதற்கு முன்போ படகைத் தவிர வேறு வழி கிடையாது. "அந்தக் கரைய ஒருதடவ தண்ணியில இருந்து பாக்கணும்மா" என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் மலாய் மீனவர் ஒருவரின் சிறிய படகை இரண்டு மணி நேரத்துக்குப் பேசி வைத்திருந்தோம்.

என் கையில் மாமாவின் கேமரா. கிள்ளானில் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் படமெடுப்பவர் அவர். அந்தக் கேமராதான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்துக்கொண்டிருந்தது. நான் அதைச் சந்தைக்குப் போகும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அதுவே போதுமான பாதுகாப்பு என்று நினைத்தேன். எதிரே விரைந்து வந்த பெரிய படகு ஒன்று கிளப்பிய அலை எங்கள் படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. தாத்தா சட்டையை உதறிவிட்டுச் சிரித்தார். கேமரா மூன்றாம் நாள் நின்றுபோனது.

அன்று எனக்குத் தெரியாமல் போனவற்றைப் பிறகு படித்தும், கேட்டும், செய்து பார்த்தும் தெரிந்துகொண்டேன். விடுமுறையில் பூலாவ் கெத்தாமுக்கும், மோரிப் கடற்கரைக்கும், கோல சிலாங்கூர் மின்மினிப் படகுக்கும் போகும் நம் மாணவ நண்பர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உப்பு நீர் செய்யும் வேலை

கேமரா நனைந்தால் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எதைத் தடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கலந்த நீர் நன்றாகக் கடத்தும். பெருங்கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. லங்காட் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் ஆற்று நீர் கலப்பதால் இந்த அளவு குறையும். ஆனாலும் பெருக்கு நேரத்தில் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிவரும். பார்வைக்கு ஆறுதான், படகில் தெறிப்பதோ உப்பு நீர்.

இந்த நீர் கேமராவுக்குள் புகும்போது பேட்டரி உள்ளேயே இருந்தால், மின்சாரம் போகக்கூடாத இடங்களிலெல்லாம் போகிறது. சுற்றுப்பலகையின் செம்புக் கோடுகள் மின்னாற்பகுப்பால் அரிக்கப்படுகின்றன. பச்சை நிறத்தில் பொடி பூத்ததுபோல் இருக்கும். பழுதுபார்ப்பவர்கள் மூடியைத் திறந்ததும் முதலில் தேடுவது இதைத்தான்.

"நீர் காய்ந்துவிட்டால் சரியாகிவிடும்" என்று நாம் நினைக்கலாம். நீர் போனாலும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் பாட்டியின் உப்பு ஜாடி கசிவதை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே கேமராவுக்குள் காய்ந்த உப்பு ஒவ்வோர் இரவும் ஈரமாகி அரிப்பைத் தொடர்கிறது. மாமாவின் கேமரா முதல் நாள் வேலை செய்து மூன்றாம் நாள் நின்றதற்குக் காரணம் இதுதான்.

மணலும் சேறும்

கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்சு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சு 7-ஆம் படியில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி அதற்குக் கீழே, ஐந்தரைப் படி அளவில் நிற்கிறது. மணல் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி மணலைக் கீறாது. லென்ஸின் மேலுள்ள மெல்லிய பூச்சு இன்னும் எளிதில் சேதமடையும்.

மணல் படிந்ததும் சட்டை நுனியால் துடைப்பதுதான் நாம் அனைவரும் செய்யும் தவறு. அது லென்ஸின் மீது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ரப்பர் ஊதியால் ஊதவேண்டும். பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஒரு மணலும் இல்லை என்று உறுதியான பிறகே துணி. வாயால் ஊதுவது நல்லதன்று. எச்சில் துளிகள் போய் ஒட்டிக்கொள்ளும்.

நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸில் மணல் வேறு வழியில் நுழைகிறது. லென்ஸ் நீளும்போது காற்றை உள்ளிழுக்கிறது, அதோடு தூசியும் போகிறது. திருப்பும்போது 'கரகர' என்று கேட்டால் மேலும் திருப்பாதீர்கள். கடற்கரையிலோ படகிலோ லென்ஸை மாற்றவும் கூடாது. எந்த லென்ஸ் வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு வாருங்கள். லென்ஸின் முன் ஒரு கண்ணாடி வடிகட்டியைத் திருகி வைத்தால், கீறல் விழுந்தாலும் அது வடிகட்டியோடு போகும்.

நம் கோலலங்காட் வட்டாரக் கரைகளில் மணலைவிடச் சேறு அதிகம். இதற்கு வரலாற்றுச் சான்றே உண்டு. 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்துவிட்ட பிறகு, இந்தியப் படைவீரர்கள் பெருமளவில் இடம்பெற்ற பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது. உறுதியான மணல் என்று நம்பி இறக்கிய வாகனங்கள் பல சேற்றில் புதைந்து நின்றன. இராணுவ வண்டியையே விழுங்கிய கரையில் முக்காலியின் கால்கள் எம்மாத்திரம்? அங்கே முக்காலியை ஊன்றுவதானால் ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு பழைய தட்டையோ பலகைத் துண்டையோ வையுங்கள். வீடு திரும்பியதும் கால்களை நல்ல நீரில் கழுவுங்கள்.

குளிர்சாதனம் என்னும் மறைமுக எதிரி

கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ஏறினால் கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்கி, நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். அங்கிருந்து பூலாவ் கெத்தாமுக்குச் செல்லும் பயணப் படகுகள் மூடியவை, குளிரூட்டப்பட்டவை. இந்தப் பயணத்தில் ஒரு துளி கடல் நீர்கூடக் கேமராவின் மேல் படாது. இருந்தும் தீவில் இறங்கிப் படமெடுக்கப் போனால் லென்ஸ் முழுவதும் வெண்புகை மூடியிருக்கும்.

இது பனிப்படிவு. வெளியில் வெப்பம் 32 பாகை, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுமார் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீர் படியும். குளிரூட்டிய படகிலிருந்து வெளியே வரும் கேமரா அந்த நிலையில்தான் இருக்கிறது. ஐஸ் கட்டி போட்ட தே ஓ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து பொறுமை. குளிர்ந்த இடத்தை விட்டு வெளியேறும் முன்பே கேமராவை இறுக மூடிய பைக்குள் வைத்துவிட வேண்டும். வெளியே வந்து இருபது, முப்பது நிமிடங்கள் பையைத் திறக்காதீர்கள். நீர் பையின் மேல் படியும், கேமரா உள்ளே மெதுவாகச் சூடேறும். அந்த இடைவேளையில் நண்பர்களோடு ஒரு பானம் அருந்தலாம்.

புறப்படும் முன்

முதலாவது, பை. வாயை உருட்டி மடித்துக் கொக்கி போடும் நீர்புகாப் பையை நான் 35 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மாமாவின் கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. வாயை மூன்று நான்கு முறையாவது மடிக்க வேண்டும். ஒரே மடிப்புடன் கொக்கியைப் போட்டுவிட்டால் நீர் புகும். மடிக்கும் முன் உள்ளே கொஞ்சம் காற்றை விட்டு வைத்தால், பை ஆற்றில் விழுந்தாலும் மிதக்கும்.

புதிய பையை நம்பிக் கேமராவை உடனே உள்ளே வைத்துவிடாதீர்கள். முதலில் டிஷ்யூ தாளை மட்டும் உள்ளே போட்டு மூடி, வாளி நீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தாள் காய்ந்திருந்தால் பை தேறியது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதைச் செய்து பார்ப்பது நல்லது, ஏனெனில் மடிப்புகளில் நாளடைவில் வெடிப்பு விழும்.

இரண்டாவது, இரட்டைக் காப்பு. கேமராவை ஸிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்பின் நீர்புகாப் பையில் வையுங்கள். உள்ளே ஒரு சிறு துண்டும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருக்கட்டும்.

மூன்றாவது, நேரம். கிள்ளான் கடற்பகுதியில் நாளுக்கு இருமுறை பெருக்கும் இருமுறை வற்றும் உண்டு. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாள்களில் இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு நான்கு மீட்டரையும் தாண்டும். வற்று நேரத்தில் படகுத்துறையின் படிகள் சேறு பூசி வழுக்கும். கேமராக்கள் ஓடும் படகில் மட்டுமன்றிப் படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகின்றன. அலை அட்டவணையைப் பார்த்து, நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஏறுங்கள்.

நான்காவது, வானிலை. தென்மேற்குப் பருவக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து 'சுமாத்ரா' என்னும் புயற்காற்று வரிசையாக வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து, பலத்த காற்றையும் மழையையும் கொட்டிவிட்டுப் போய்விடும். அழகான விடியல் படத்துக்காக அதிகாலையில் புறப்படுபவர்கள் முதல்நாள் இரவே வானிலை அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.

படகில் இருக்கும்போது

உயிர்காப்பு மேலங்கியை அணிந்த பிறகே கேமரா. நீரில் விழுந்த கேமராவை எட்டிப்பிடிக்க ஒருவரும் படகின் விளிம்பில் சாயக்கூடாது. இதைப் புறப்படும்போதே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சிறிய படகில் முன்பகுதிதான் அதிகம் குதிக்கும். நடுவிலோ சற்றுப் பின்னாலோ அமர்ந்தால் அதிர்வு குறையும். எந்தப் பக்கம் நீர் தெறிக்கும் என்பது படகோட்டிக்குத் தெரியும். ஏறும்போதே அவரைக் கேட்டு மறுபக்கம் அமருங்கள். கேமராவின் வார் எப்போதும் கழுத்திலோ மணிக்கட்டிலோ இருக்கட்டும். நீர்புகாத சிறிய கேமராவாக இருந்தால் மிதக்கும் வாரை மாட்டுங்கள்.

படகு விரைந்து ஓடும்போது கேமரா பைக்குள் இருக்கட்டும். வேகம் குறைந்ததும் வெளியே எடுங்கள். கேமரா வெளியே இருக்கும் வேளையில் ஒரு கண் எதிரே வரும் படகுகளின் மேல் இருக்கவேண்டும். படகு கடந்துபோன பின்தான் அதன் அலை நம்மை வந்து அடையும். அந்தச் சில வினாடிகள் பையை மூடப் போதும். அன்று நான் அந்தச் சில வினாடிகளில் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

லென்ஸில் துளி தெறித்துவிட்டால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸின் முன் பொருத்தும் குடை போன்ற மறைப்பு வெயிலைத் தடுப்பதோடு பாதித் தெறிப்பையும் தாங்கிக்கொள்ளும்.

எண்களை நம்பலாமா?

நம்மில் பலர் இப்போது கைப்பேசியில்தான் படமெடுக்கிறோம். பெட்டியில் 'ஐபி67', 'ஐபி68' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் துணிந்து நீரில் இறங்குகிறோம். இந்த எண்களின் பொருள் என்ன?

முதல் இலக்கம் தூசியைக் குறிக்கும். 6 என்றால் தூசி நுழையாது. இரண்டாவது இலக்கம் நீரைக் குறிக்கும். 4 என்றால் தெறிப்பைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும். 8 என்றால் அதற்கும் மேலே, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் தாங்கும்.

இந்தச் சோதனை நல்ல நீரில், ஆடாமல் அசையாமல் இருக்கும் புதிய கருவிக்குச் செய்யப்படுவது. உப்பு நீரும், அலையின் அடியும், இரண்டு முறை கீழே விழுந்து விளிம்பு நசுங்கிய நம் கைப்பேசியும் அந்தக் கணக்கில் இல்லை. நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதும் இல்லை. கேமராக்களில் 'வானிலைக் காப்பு' என்று விளம்பரப்படுத்தப்படுவதும் தூறலுக்கானதே, மூழ்குவதற்கானதன்று.

உண்மையாகவே நீருக்குள் போகும் கேமராக்களும் உண்டு. கடலாய்வாளர் ஜாக் குஸ்தோவின் ஆர்வத்தால் பெல்ஜியப் பொறியாளர் ஜான் தெ வூட்டர்ஸ் வடிவமைத்த 'கலிப்ஸோ' கேமராவை நிக்கான் நிறுவனம் ஏற்று, 1963-இல் 'நிக்கோனாஸ்' என்று வெளியிட்டது. அதில் நீரைத் தடுத்தவை மூட்டுகளில் இருந்த ரப்பர் வளையங்கள். இன்றைய நீர்புகாக் கருவிகளுக்கும் அதுவே அடிப்படை. ஒரு மணலோ ஒரு தலைமுடியோ அந்த வளையத்தின் மேல் கிடந்தால் போதும், காப்பு போய்விடும். ஆகவே மூடும் முன் வளையத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடலில் பயன்படுத்திய நீர்புகாக் கருவியை நல்ல நீரில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவிய பிறகே திறக்க வேண்டும்.

நனைந்துவிட்டால்?

முதலில், இயக்கிப் பார்க்காதீர்கள். "வேலை செய்கிறதா" என்று பொத்தானை அழுத்துவதுதான் பல கேமராக்களின் முடிவு. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். அடுத்து மெமரி கார்டு எனப்படும் நினைவட்டையை எடுங்கள். வெளிப்புறத்தை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பு நீர் உள்ளே போயிருந்தால் காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். உப்பு உள்ளே தங்கும் ஒவ்வொரு நாளும் கேடுதான்.

அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நானும் அதைத்தான் செய்தேன். அரிசி உப்பை எடுக்காது. அதன் தூளும் துகளும் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஈரமான ஐபோனை அரிசியில் வைக்கவேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் அறிவுறுத்தியது. அரிசி சோற்றுக்கே இருக்கட்டும்.

நினைவட்டையின் கதை வேறு. அதற்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. சில்லு, பிளாஸ்டிக்குக்குள் நன்றாக அடைக்கப்பட்டிருக்கிறது. நனைந்த அட்டையைக் காய்ச்சி வடித்த நீரில் மெல்ல அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால் பெரும்பாலும் படிக்க முடியும். ஈரத்தோடு கணினியில் செருகக்கூடாது.

வீட்டில் காத்திருக்கும் பூஞ்சை

பயணம் முடிந்து வந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. ஈரத்தோடு பையில் அடைத்து அலமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலைபோல் கண்ணாடிக்குள் படர்ந்து, விட்டுவைத்தால் பூச்சையே அரித்துவிடும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து இருக்கும் இடங்களில் அது வளரும். நம் நாட்டில் அது சாதாரண நிலை.

மின்சார உலர்பெட்டி வாங்க இயலாத மாணவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. இறுக மூடும் பிளாஸ்டிக் உணவுப் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். ஊசியை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். கேமராவின் தோல் உறையைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

எதைக் காப்பாற்றுகிறோம்?

பிராங்க் ஹர்லி என்னும் ஆஸ்திரேலியப் படக்கலைஞர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அண்டார்க்டிக் பயணத்தில் உடன் சென்றவர். 1915-இல் அவர்களுடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனியில் நசுங்கியது. நீர் நிரம்பிய கப்பலுக்குள் இறங்கி, தாம் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை ஹர்லி மீட்டார். அவை ஈயம் பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளில் இருந்ததால் தப்பின. எல்லாவற்றையும் சுமக்க முடியாத நிலையில் சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400 தகடுகளை அவரும் ஷாக்கிள்டனும் அங்கேயே உடைத்துப் போட்டார்கள். பெரிய கேமராக்களும் பனியிலேயே நின்றுவிட்டன. மிஞ்சிய படங்கள் திறந்த படகில் கடலைக் கடந்து உலகத்திற்கு வந்து சேர்ந்தன. நீர்புகாப் பெட்டி காப்பாற்றியது படங்களைத்தான், கருவியை அன்று.

இதை நான் படித்தபோது மாமா நினைவுக்கு வந்தார். கேமரா நின்றுபோன அன்று இரவு அவர் வீட்டுக்குப் போய், அழுதுகொண்டே அதை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்க்கவேயில்லை. "கேமரா வாங்கிக்கலாம். தாத்தா படம் இருக்கா பாரும்மா" என்றார். நினைவட்டையை உலர்த்திச் செருகியபோது 214 படங்களும் இருந்தன. அடுத்த எட்டு மாதங்கள் வார இறுதி தோறும் மாமாவின் திருமணப் பணிகளுக்கு விளக்கு தூக்கி, கடனில் ஒரு பகுதியைக் கழித்தேன். வாங்கிய புதிய கேமராவில் இரண்டு அட்டைகள் போடும் வசதி இருக்கிறதா என்று அவர் முதலில் பார்த்தார்.

தாத்தா 2023-இல் காலமானார். மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் அந்த ஆற்றில் எடுத்ததுதான். படகில் பாதி எழுந்து, அலையாத்திச் செடிகள் மூடிய கரையில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டுகிறார். "அங்கதாம்மா ஜெட்டி இருந்துச்சு" என்று சொன்ன கணம் அது. அங்கே இப்போது எதுவும் இல்லை. அவர் சொல்லியிராவிட்டால் அந்த இடம் எங்கே இருந்தது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஓர் ஆற்றங்கரையை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர் இருப்பார். அடுத்த விடுமுறையில் அவரை அழைத்துப் போங்கள். போகும்போது 35 ரிங்கிட் பை ஒன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த அன்று இரவே படங்களை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்துவிடுங்கள்.